மடிப்பு மாஸ்டர் தைத்த பிரபஞ்சம்

மடிப்பு மாஸ்டர் என்றால் அந்தத் தெருவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். முப்பது வருஷமாகப் பள்ளிச் சீருடை தைக்கிறார். தேய்த்து மடிக்காத துணி அவர் கடைப்படி தாண்டியதில்லை. பிடிவாதத்திலும் அதே விறைப்புதான். ஒரே மகன் தன் விருப்பப்படி கல்யாணம் செய்துகொண்டபோது மனிதர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அன்றும் உட்கார்ந்து காலர் தைத்துக்கொண்டிருந்தார்.

இரண்டு வருஷம் கழித்து அந்த மருமகளே கடைக்கு வந்தாள். பிரபஞ்சத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவள்.

"கண்காட்சிக்கு மூணு துணி தைக்கணும் சார்."

அந்த 'சார்' அவருக்குச் சுருக்கென்றது. "எதுக்கும்மா?"

"பிரபஞ்ச வெளி எப்படியெல்லாம் வளையலாம்னு காட்டறதுக்கு. ஒண்ணு தட்டையா, ஒண்ணு பந்து மாதிரி, ஒண்ணு ஓரம் போகப் போக ஃபிரில் மாதிரி அலை அலையா."

"வளைஞ்சா என்ன ஆகும்?"

"பந்து மாதிரின்னா, விரியிற பிரபஞ்சம் ஒருநாள் திரும்பச் சுருங்கிடலாம். ஃபிரில் மாதிரி ரொம்ப வளைஞ்சிருந்தா, எல்லாம் ஒண்ணு சேர்றதுக்குள்ள விலகிப் போயிருக்கும். நட்சத்திரமே இருந்திருக்காது. நாமளும்தான்."

"நம்மளுது எப்படி?"

"அளந்த வரைக்கும் கிட்டத்தட்ட தட்டை."

"கிட்டத்தட்டவா? நான் அப்படி அளந்தா கடையை மூட வேண்டியதுதான்."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

ஒரு வாரம் மாஸ்டர் வேறு வேலையைத் தொடவில்லை. மூன்றாவது துணிதான் பெண்டு நிமிர்த்தியது. நடுவில் வட்டம், சுற்றிலும் ஒன்றைவிட ஒன்று நீளமான பட்டைகள். பிரமாதமாக வந்தது. ஆனால் கண்காட்சி அன்று காலை, பழக்கதோஷம், அத்தனை அலையையும் மடித்து அழுத்தித் தேய்த்துப் பலகை மாதிரி ஆக்கிவிட்டார்!

துணியை வாங்க வந்த மருமகள் பிரித்துப் பார்த்தாள். "ஐயோ, வளைவே போச்சே!"

இனி இந்தப் பெண் இந்தப் பக்கமே வரமாட்டாள் என்று மாஸ்டர் நினைத்தார். தண்ணீர் தெளித்துத் துணியை நீவத் தொடங்கினார். அவளும் கைப்பையை வைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து மறு ஓரத்தைப் பிடித்தாள். ஒவ்வோர் அலையாக இருவரும் இழுத்து எழுப்பினார்கள்.

"உங்க கல்யாணத்துக்கு நான் வந்திருக்கணும்மா," என்றார், துணியைப் பார்த்தபடியே.

அவள் கை நின்றது.

"அவர் கல்யாணச் சட்டையை வேற யாரோ தைச்சாங்க. ஒரு தோள் ஏறி, ஒரு தோள் இறங்கி, பார்க்கச் சகிக்கல," என்றாள். பிறகு மெதுவாக, "கடைசி வரைக்கும் வாசலையே பார்த்துக்கிட்டிருந்தார், மாமா."

மாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னைக்கே அவனை வரச் சொல்லும்மா. தோள் அளவு எடுக்கணும்."