எடை மட்டும் போதும் என்றவர்கள்

நான் குடிவந்த இந்த நாட்டு பஸ்ஸில் யாரும் யாரிடமும் எந்த ஊர் என்று கேட்பதில்லை. கேட்பது மரியாதைக் குறைவாம். பல்கலைக்கழகத்தில் எங்கள் ஆய்வுக்குழுத் தலைவர் மார்ட்டின் இதைப் பெருமையாகவே சொல்வார்: ஒருவர் எங்கிருந்து வந்தார் என்பது தனக்கு வேண்டாத விஷயம். பிரபஞ்சத்தையும் அவர் அப்படித்தான் பார்க்கிறார் என்பது 2008இல்தான் எனக்கு விளங்கியது.

எங்கள் வேலை, கணினிக்குள் ஒரு பிரபஞ்சத்தை வளரவிட்டுப் பார்ப்பது. கண்ணுக்குத் தெரியாத கரும்பொருள் ஈர்ப்பால் திரண்டு பெரும் கூடுகளாகும், ஹாலோ என்போம். விண்மீன் மண்டலங்கள் அவற்றுக்குள்தான் பிறக்கின்றன. ஒரு ஹாலோவின் வரலாற்றுக்கு அதன் எடை போதும், அக்கம்பக்கம் வேண்டாம் என்பது மார்ட்டினின் கட்சி. நானோ இரண்டு வருடமாக அந்த அக்கம்பக்கத்தைத்தான் கணக்கிட்டிருந்தேன். ஒரே எடையுள்ள சின்ன ஹாலோக்களில், பெரியதொன்றின் அருகே மாட்டியவை சீக்கிரமே வளர்ச்சி நின்றுபோகின்றன. சுற்றியுள்ள பொருளைப் பெரியது இழுத்துக்கொள்கிறது. கட்டுரையிலிருந்து அந்தப் பகுதியை மார்ட்டின் வெட்டினார்.

அப்பாவும் பெரியப்பாவும் இலங்கையில் 1972இல் ஒரே தரத்தில் அரசாங்க எழுதுவினைஞர்களாகச் சேர்ந்தவர்கள். ஒரே சம்பளம். அப்பாவுக்கு வீடு உக்குவளையில், ஒரு பக்கம் முஸ்லிம் கடை, மறுபக்கம் சிங்கள ஆசிரியர், எதிரே தமிழ்க் குடும்பம். பெரியப்பாவுக்குக் கலேவெலவில், சுற்றிலும் செல்வாக்குள்ள ஒரே முதலாளியின் வயல், தமிழரென்று பெரியப்பா வீடு மட்டும். எழுபத்தேழு இனக்கலவரத்துக்குப் பிறகு முதலாளியின் வேலி நகரத் தொடங்கியது. பெரியப்பா கொண்டுபோன முறைப்பாட்டைப் பொலிஸில் எழுதிக்கொள்ளவே இல்லை. எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு கிணறும் வேலிக்கு அப்பால் போனது. எங்கள் வீட்டு விசேஷங்களில் பெரியப்பாதான் கேலிப்பொருள்.

"அண்ணனுக்குத் துணிச்சல் பத்தாது. அதே சம்பளத்துலதானே நான் மாடி கட்டினேன்" என்பார் அப்பா.

"வீடு அப்படியேதான் இருக்கு தம்பி. வேலிதான் உள்ள வந்துருச்சு" என்றார் பெரியப்பா ஒருமுறை. எல்லோரும் சிரித்தார்கள். ஒருவர்கூடக் கலேவெலவுக்குப் போய் அந்த வேலியைப் பார்க்கவில்லை.

மார்ட்டினிடம் இந்த வேலிக் கதையைச் சொன்னேன். குரல் உயர்ந்திருக்க வேண்டும். பக்கத்து வீட்டாரோடு தகராறா, நகரசபையில் இலவச ஆலோசகர் இருக்கிறாரே என்றார் அவர், அனுதாபத்தோடு. அந்தக் கனிவுதான் என்னைக் கொதிக்க வைத்தது. வெட்டியதைச் சேருங்கள், இல்லையேல் என் பெயரையும் வெட்டுங்கள் என்றேன். பெயரை வெட்டினார்.

கட்டுரை வெளியாகிவிட்டது. எடை மட்டும் போதுமாம். பெரியப்பா இன்னும் அதே வேலிக்குள் இருக்கிறார். நான் அதே பஸ்ஸில் போய்வருகிறேன். ஊரில் சோதனைச்சாவடிதோறும் எந்த ஊர் என்று கேட்டார்கள். வாய் திறக்கப் பயந்தேன். இங்கே பதிலை நாக்கு நுனியில் வைத்திருக்கிறேன். பக்கத்து இருக்கைக்காரர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வருகிறார்.