இடிந்த வீட்டைப் படம் எடுப்பவன்

வெள்ளம் வடிந்த ஊர்களில் இடிந்த வீடுகளைப் போனில் படம் எடுத்து, அரசாங்க வீட்டுத் திட்டத்துக்கு ஏற்றி அனுப்புவது என் வேலை. ஒப்பந்த வேலைதான், திட்டு மட்டும் நிரந்தரம். மேலிடத்துக்கும் மக்களுக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொள்பவர்களே, உங்களிடம்தான் இதைச் சொல்ல முடியும்.

யார் வீடு?

நைனார்பாளையத்தில் முதல் வீடு. கூரை தரையில் கிடந்தது. எங்கள் வேலைக்கு வீடு நன்றாக இடிந்திருந்தால்தான் சுலபம். உரிமையாளர் யார் என்று கேட்டபோதுதான், எதிரில் நின்ற செல்வராசு அங்கே வாடகைக்குக் குடியிருந்தவர் என்று தெரிந்தது. பட்டா சேலத்தில் இருப்பவர் பேரில். குடியிருந்தவருக்குப் படிவத்தில் இடமே இல்லை என்றேன். அவர் கோபப்படவில்லை.

"இடிஞ்ச வூடு அவருதுங்க. மண்ணு உழுந்தது மட்டும் எங்க தலையில."

சுத்தமான இடம்

அடுத்த தெருவில் அஞ்சலை. கூலி வேலை, இரண்டு பெண் பிள்ளைகள், புருஷன் இல்லை. நான் வருவதாக முதல் நாளே சொல்லியிருந்தார்கள். போய்ப் பார்த்தால் வீடும் இல்லை, இடிபாடும் இல்லை. விழுந்த சுவரையெல்லாம் கூடை கூடையாக அள்ளிப்போட்டு, சாணி தெளித்து, நடுவில் எனக்கு ஒரு நாற்காலி!

படத்தில் இடிந்த சுவர் தெரியாவிட்டால் போன் 'காலி மனை' என்றுதான் பதிந்துகொள்ளும். தெருவே சாட்சி சொன்னது. சாட்சிக்கு அதில் வழியில்லை. பதிந்ததை மாற்றவும் முடியாது. "யாரம்மா உன்னை அள்ளச் சொன்னது?" என்று அவளிடமே கத்திவிட்டேன்.

"ஆபீசரு வர்றாங்க, மண்ணும் குப்பையுமா கெடந்தா இன்னா நெனப்பாங்கன்னு ராவும் பகலுமா அள்ளிக்கினு இருந்தேங்க."

என் யோசனை

அலுவலகத்தில் நடந்த வாரக் கூட்டத்தில் துணிந்து எழுந்தேன். படம் இல்லாத இடத்தில் தெருக்காரர்கள் ஐந்து பேர் கையெழுத்தை ஏற்கலாம், வாடகைக்கு இருந்தவரையும் சேர்க்கலாம், வீடு கிடைக்கும்வரை தங்க இடம் தரலாம் என்றேன். அதிகாரி பொறுமையாகக் கேட்டார். அதுதான் இன்னும் வலிக்கிறது.

"நல்ல யோசனைப்பா. எழுத்துல குடு, அடுத்த வெள்ளத்துக்கு ஆவும்."

பள்ளிக்கூடம் திறந்தது

வெள்ளம் வந்ததிலிருந்து வகுப்பறையில் தங்கியிருந்த குடும்பங்களைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அங்கே தங்கியிருந்த அஞ்சலையும் பாத்திரங்களைப் புடவையில் மூட்டை கட்டிக்கொண்டு, பிள்ளைகளோடு தன் வெற்று மனையில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து ஓடி வந்தாள்.

"அந்த மண்ணு ஏரிக்கரையிலதாங்க கெடக்குது. திரும்ப அள்ளியாந்து கொட்டிட்டா, வூடு இருந்துச்சின்னு எழுதிக்குவீங்களா?"

வீடு போனவருக்கு வீடு கிடைக்க வேண்டுமானால், போன வீடு பாதியாவது போகாமல் நிற்க வேண்டும் என்பதுதான் இந்த வேலை எனக்குச் சொல்லிக்கொடுத்த ஒரே சட்டம்.