மணி அடிப்பவர் பேசினார்

இன்று ஓசூர் பேச்சு மன்றத்துக்கு என்னையும் பேச்சு நேரம் முடிந்ததும் மணியடிக்கும் ரங்கப்பாவையும் தவிர யாரும் வரவில்லை. நீங்களெல்லாம் சந்தைத் திடலில் மாநில எல்லைப் பிரச்சினைக் கூட்டம் கேட்கப் போய்விட்டீர்கள்.

வீட்டில் எனக்குப் பேச்சுத் துணை கிடையாது. ஒரு வாரம் தயாரித்த பேச்சு சட்டைப்பையில் இருந்தது.

"பேசுங்க சார். நான் ஒருத்தன் கேக்கறனே."

காலி பெஞ்சுகளைப் பார்த்து "சபையோர்களே" என்று தொடங்கினேன். ஐந்தாவது நிமிடம் சரியாக மணி அடித்துவிட்டார்.

"அடுத்துப் பேசத்தான் ஆளில்லையே, ரங்கப்பா?"

"நான் இருக்கறன் சார்" என்று மணியை என்னிடம் கொடுத்தார். இரண்டு வருஷமாக மணி அடித்தும் ஒருமுறைகூட மேடை ஏறாதவர். "என் தமிழ்ல கன்னடம் கலந்துடும். ஆளுங்க சிரிப்பாங்க. இன்னைக்குத்தான் யாருமே இல்லையே."

நான் கணக்கில் இல்லை போலும்.

நாட்றாம்பாளையத்தில் யானை புகுந்த தன் ராகிக் கொல்லையைப் பற்றி இருபது நிமிடம் பேசினார். நான் மணியை அடிக்கவில்லை.

"எல்லாரும் வந்துட்டா நான் மறுபடி மணிதான் சார்" என்று சொல்லிக் கதவைப் பூட்டினார்.

அடுத்த ஞாயிறு அவசியம் வாருங்கள், நண்பர்களே. அரை மணி தாமதமாக வர யாராலெல்லாம் முடியும்?