எட்டாவது கிலோமீற்றர்

மாமா தன் பிக்கப்புக்குப் பெரிய ரயர் பூட்டிய வருடம் எனக்குப் பத்து வயது. சண்டை முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. அம்மாவின் தம்பியான அவர், அந்த வாகனத்தில் மருதனார்மடம் சந்தைக்கு வெங்காயமும் வாழைக்குலையும் ஏற்றிப் போய்வந்துகொண்டிருந்தார். தார் வீதிக்கு அது போதும். மாமியின் ஊருக்குத்தான் போதாது.

மாமி வடமராட்சி கிழக்குக் கரையில் பிறந்தவர். சண்டைக்குப் பயந்து ஊரே வெளிக்கிட்ட நாளில் அவருடைய தகப்பன் மட்டும் வரவில்லை. வலையையும் வள்ளத்தையும் விட்டுவிட்டு எப்படி வருவது, நீங்கள் போங்கோ, பின்னால் வாறன் என்றாராம். அதன்பிறகு அவரைப் பற்றி எந்தத் தகவலும் இல்லை. இனி ஊர் பார்க்கப் போகலாம் என்று செய்தி வந்ததும் மாமாவும் மாமியும் ஒருமுறை புறப்பட்டுப் போனார்கள். பாதி வழியில் பிக்கப் மணலில் வயிறு முட்டப் புதைந்துபோனது. உழவு இயந்திரம் கொண்டுவந்துதான் இழுத்தெடுத்தார்கள். மாமி ஒரு வார்த்தையும் குறை சொல்லவில்லை. குறை சொல்லியிருந்தால் மாமா ரயரை மாற்றியிருக்கவே மாட்டார் என்பது அம்மாவின் கருத்து.

கராஜ்காரர் தலையைச் சொறிந்தார்.

“அண்ணை, கொம்பனி போட்டு விட்ட ரயரை விட இது நாலு விரல் உயரம். முழுக்க வளைச்சுத் திருப்பினால் மட்காட்டிலை உரசும்.”

“உரசட்டும். புதையாமல் போனால் சரி.”

மட்காட்டின் விளிம்பைச் சுத்தியலால் அடித்து மடக்கிப் பூட்டிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்த பிக்கப், அண்ணனின் சப்பாத்தை மாட்டிக்கொண்ட தம்பியைப் போல இருந்தது. அம்மா ஏறுவதற்கு ஒரு மர வாங்கு தூக்கிவந்து போட வேண்டியிருந்தது. வாசல் படலையடியில் வாகனத்தைத் திருப்பும்போது முன்சில்லிலிருந்து ஒரு சத்தம் வந்தது. யாரோ தொண்டையைச் செருமுவதுபோல. “ஆரோ பேச வெளிக்கிடுற மாதிரிக் கிடக்கு” என்றார் மாமி. எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனோம். மாமாவும் மாமியும் முன்னுக்கு. அம்மாவும் நானும் பின்தட்டில், கம்பியைப் பிடித்தபடி. ஏற்கெனவே மோட்டார் சைக்கிளில் போய்வந்த ஒரு சிநேகிதர் மாமாவுக்கு வழி சொல்லியிருந்தார். கடைசி மதகிலிருந்து சரியாக எட்டுக் கிலோமீற்றர், அங்கே இடக்கைப் பக்கம் ஒரு மணற்பாதை திரும்பும், அந்தப் பாதைதான் மிதிவெடி எடுத்துத் துப்புரவாக்கியது. அடையாளம் சொல்ல வேறெதுவும் அந்தப் பக்கத்தில் மிஞ்சியிருக்கவில்லை. பிறந்து வளர்ந்த மாமிக்கே வழி பிடிபடவில்லை. வீடுகள் இல்லை. பனைகள் தலையில்லாமல் வரிசையாக நின்றன. ஆகவே மாமா மதகடியில் நிறுத்தி, மீற்றரில் இருந்த இலக்கத்தை உரத்து வாசித்துவிட்டுப் புறப்பட்டார்.

எட்டு ஆனதும் இடப்பக்கம் உண்மையாகவே ஒரு பாதை இருந்தது. திரும்பினோம். சில்லு செருமியது.

பெரிய ரயர் மணலை மிதித்துக்கொண்டு சுகமாகப் போனது. மாமா ஒரு தரம் பாம் பாமென்று கோணும் அடித்தார். அதற்குப் பதிலாக ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. காகம் இல்லை. கடல் எங்கேயோ இரைந்தது, ஆனால் கண்ணுக்குத் தெரியவில்லை. வெயிலில் தூரமெல்லாம் நெளிந்தது. அந்த நெளிவுக்குள் ஒரு வாசல்நிலை தெரிந்தது. சுவர் இல்லை, கூரை இல்லை, நிலை மட்டும் நின்றது.

அதற்குள் ஒருவர் நின்றார். வெறும் மேல், மடித்துக் கட்டிய சாறம், வெள்ளைத் தலை. கையை உயர்த்தி, எங்களைப் பார்த்து அசைத்தார்.

“மாமா, அங்கை ஒரு ஐயா நிக்கிறார்!” என்று கத்தினேன்.

மாமா வேகத்தைக் குறைத்தார். “எங்கை?” என்று கேட்டது மாமி. அவருடைய குரல் எனக்குப் புதிதாக இருந்தது. பிக்கப் நிற்பதற்குள் கதவைத் திறந்து காலை வெளியே விட்டுவிட்டார்.

அதே நேரம் அம்மா என் தோளை நெரித்துப் பிடித்தார். பற்றைகளுக்குள் சிவப்புத் தலை வைத்த கட்டைகள் நின்றன. இடப்பக்கம், வலப்பக்கம், எங்களுக்குப் பின்னாலும். ஒரு தகரப் பலகை மணலில் விழுந்து கிடந்தது. அதில் மண்டையோடு கீறியிருந்தது.

“தம்பி! அவவைப் பிடி!” என்று மாமாவைப் பார்த்துக் கத்தினார் அம்மா.

மாமியின் கால் நிலத்தைத் தேடியது. பழைய ரயராக இருந்திருந்தால் அந்நேரம் பாதம் மணலில் பதிந்திருக்கும். இப்போது அது அந்தரத்தில் தொங்கியது. மாமா அவரின் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார்.

“இறங்காதையும்! உம்மைக் கும்பிட்டன், இறங்காதையும்!”

மாமா அழுவதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

வந்த தடத்திலேயே பின்னுக்குப் போவதுதான் ஒரே வழி. அகலமான ரயர் ஆழமாகத் தடம் பதித்திருந்தது. அம்மா பின்தட்டில் முழந்தாளிட்டுக் குனிந்து, “நேர வா... கொஞ்சம் வலத்தாலை... நேர... நேர” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வீதிக்கு வந்து சேர எவ்வளவு நேரம் ஆனதென்று தெரியாது. நான் திரும்பவும் வாசல்நிலையைப் பார்த்தேன். அதற்குள் வெயில்தான் இருந்தது.

ரயர் பெரிதானால் மீற்றர் குறைத்துக் காட்டும் என்று கராஜ்காரர் பிறகு விளக்கினார். மீற்றர் எட்டு என்ற இடத்தில் நாங்கள் ஏறக்குறைய ஒன்பது கிலோமீற்றர் போயிருந்தோம்; துப்புரவாக்கிய பாதை பின்னாலேயே தவறிப்போயிருந்தது. அவர் அதை முதலே சொல்லியிருக்கலாம். மாமாவும் கேட்டிருக்கலாம்.

அன்று வீதிக்கரையில் நிறுத்தியதும் மாமி இறங்கிப் பின்தட்டுக்கு வந்தார்.

“பிள்ளை, அந்த ஐயா என்ன செய்தவர்?”

“அது தலையில்லாத பனை. சின்னப்பிள்ளைக்கு என்ன தெரியும்” என்றார் மாமா.

“நீங்கள் பேசாமல் இருங்கோ. கையை எப்பிடி ஆட்டினவர்? எனக்குக் காட்டு, பிள்ளை.”

அவர் கோழியைக் கலைப்பதுபோலத்தான் ஆட்டினார். புறங்கையால், போ போ என்று, அவசர அவசரமாக. ஆனால் மாமியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதை எப்படிக் காட்டுவது? நான் கையை மறுபக்கம் திருப்பினேன். வா வா என்று காட்டினேன்.

மாமி தட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு விம்மினார். “ஓம். கூப்பிட்டிருக்கிறார். ஓம்.”

சில வருடங்களில் அந்த நிலமும் துப்புரவானது. அந்த நிலை தங்கள் வீட்டு வாசல்தான் என்றார் மாமி. இல்லை, உம்முடைய வீடு வடக்குப் பக்கம் என்றார் மாமா. வென்றது மாமி. இன்றைக்கு அங்கே இரண்டு அறை வீடு கட்டி இருவரும் இருக்கிறார்கள். போகிறவர்களுக்கெல்லாம், எங்கடை ஐயா கூப்பிட்டுத்தான் வந்தனான் என்று மாமி சொல்லுவார். நான் போனால் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொள்வார்.

அந்தக் கை எந்தப் பக்கம் ஆடியதென்று நான் இன்னும் மாமியிடம் சொல்லவில்லை. அன்று அந்தக் கிழவர் மேல் எனக்குக் கோபம் மட்டுமே இருந்தது. இவ்வளவு தூரம் வெயிலில் தேடி வந்தவர்களை வா என்று ஒரு சொல் சொல்லாமல் கலைக்கிறாரே, என்ன மனுசன் இவர் என்று நினைத்தேன்.