மூன்று மணிக்கு விழாத நிழல்

மலேசியாவில் எங்கள் ஊரான மேருவிலிருந்து பக்கத்துக் கிள்ளான் டவுனுக்குப் போய் மிளகாயும் மல்லியும் அரைத்துக்கொண்டு வருவது எங்கள் வீட்டில் என் வேலை. பதினாறு வருடமாக ஒரே மில்லுக்குத்தான் போகிறேன். அது சௌதா அக்காவின் மில். பழைய கடைவரிசை ஒன்றில், மூலையிலிருந்து இரண்டாவது கட்டடம். போருக்கு முன்னால் கட்டிய, ஓடு வேய்ந்த மாடிக்கடை. அக்காவின் வாப்பா வாங்கியது. அவர் மௌத்தான பிறகு மில்லை அக்காவே நடத்துகிறார். கணவர் ஜெய்னுதீன் சாப்பாட்டுக் கடைகளுக்கு வேனில் தூள் கொண்டுபோய்க் கொடுக்கிறார்.

அக்காவுக்கு வயது ஐம்பத்து நான்கு. விதி என்று ஒன்று இருந்தால் அதை மீற அவருக்கு வராது. ஜெய்னுதீன் வேனை நிறுத்தக்கூடாத மஞ்சள் கோட்டின்மேல் இரண்டு நிமிடம் நிறுத்தினாலும், அரவை மிஷின் சத்தத்தையும் தாண்டி உள்ளே இருந்து குரல் வரும். சுகாதாரப் பரிசோதனைக்கு வருகிறவர்கள் ஐந்து நிமிடத்தில் கிளம்பிவிடுவார்கள். குறை எழுத ஒன்றும் கிடைக்காது.

சூரிய ஒளித் தகடு போடலாம் என்று முதலில் சொன்னது அம்பாங்கில் இருக்கும் அவருடைய மகள் ஃபஹீமா. "உம்மா, மில்லு பகல்லதான ஓடுது. வெயிலும் பகல்லதான அடிக்குது. சும்மா காயிற கூரைய வச்சுக்கிட்டு ஏன் மாசாமாசம் பில்லப் பாத்துப் பெருமூச்சு விடுறீங்க?" என்று கேட்டாள். அக்காவுக்கு அது சரியென்று பட்டது.

பெட்டாலிங் ஜெயாவிலிருந்து சுகுமாறன் என்ற தகடு போடுகிறவர் வந்தார். ட்ரோனைப் பறக்கவிட்டுக் கூரையைப் படம் பிடித்தார். முன்பக்கச் சரிவுதான் நல்லது, காலையிலிருந்து மாலைவரை தடையில்லாமல் வெயில் விழுகிறது என்றார். "அடுத்த வாரமே ஏத்திடலாம்க்கா."

"பெர்மிட்?"

"இந்தப் பக்கம் சில பேரு கேக்காமலே போட்டுட்டாங்கக்கா. யாரும் வந்து பாக்கல."

"அவங்க போட்டுக்கட்டும் தம்பி. நான் கேட்டுட்டுத்தான் போடுவேன்."

கேட்டார். அப்போதுதான் அந்தக் கடைவரிசை முழுவதும் பாரம்பரியப் பாதுகாப்பு வட்டாரத்துக்குள் இருக்கிறது என்பது தெரிந்தது. மனுவைப் பார்த்த நகராட்சி அதிகாரி விஷ்ணுப்ரியா என்ற இளம்பெண். முன்பக்கச் சரிவு கிடையவே கிடையாது என்று சொல்லிவிட்டார். "ரோட்டுல நின்னு பாத்தா பேனல் தெரியக்கூடாது ஆன்டி. ஒரு மூலைகூட. பின்பக்கம் போடுங்க, அதுக்கு நான் பேசிப் பாக்குறேன்."

பின்பக்கத்தில் ஒரு சிக்கல் இருந்தது. பக்கத்து மூலைக்கடையின் பின்கட்டு மூன்று மாடி. மூன்று மணிக்கு மேல் அதன் நிழல் அக்காவின் பின்கூரையில் இறங்கிவிடும். "அதுக்கப்புறம் ஒன்னும் வராதுக்கா. இவ்வளவு செலவு பண்ணி ஏன்?" என்று சுகுமாறன் தலையைச் சொறிந்தார்.

"வர்றது போதும்," என்றார் அக்கா.

அனுமதி கிடைக்க ஒன்பது மாதம் ஆயிற்று. தகடுகளைச் சுற்றி வெள்ளி நிறச் சட்டத்துக்குப் பதில் கறுப்புச் சட்டம் வேண்டும் என்றார்கள், மாற்றினார். எந்தப் பழைய ஓட்டைக் கழற்றினாலும் படத்தோடு எழுதி வைக்கச் சொன்னார்கள், வைத்தார். இரண்டு கட்டடங்களுக்கும் பொதுவான சுவரை அளந்து வரைபடம் கேட்டார்கள், கொடுத்தார். எங்கிருந்து பார்த்தாலும் தெரியாது என்று காட்ட, சுகுமாறனின் ஆள் கூரைமேல் சிவப்புத் துணி கட்டிய கம்பைப் பிடித்துக்கொண்டு நிற்க, அக்கா குடையோடு எதிர்ச்சாரியில் நடந்து நடந்து பார்த்தார். நான் தூளுக்குக் காத்துக்கொண்டு நின்ற ஒரு சனிக்கிழமை அது. எனக்குச் சிரிப்பாக இருந்தது. அவருக்கு அது சிரிப்பு இல்லை.

மார்ச் மாதம் பதினெட்டுத் தகடுகள் ஏறின. அக்காவின் கைப்பேசியில் சுகுமாறன் ஓர் ஆப் போட்டுக் கொடுத்தார். மின்சாரம் எவ்வளவு வருகிறது என்று அதில் கோடு கோடாகத் தெரியும். காலையில் மெல்ல ஏறி, மதியம் உச்சிக்குப் போய், மூன்று மணிக்குக் கத்தியால் வெட்டியதுபோல் கீழே விழும். வருகிறவர்களிடமெல்லாம் அதைக் காட்டுவார். பாதி மலைதான் இருக்கிறது என்று யாராவது சொன்னால், "மீதி பாதி சட்டத்துக்கு," என்பார்.

அந்த வருட ஹஜ்ஜுப் பெருநாளுக்கு நான்கு நாள் சேர்ந்தாற்போல் விடுமுறை. மில்லைப் பூட்டிவிட்டு அக்காவும் ஜெய்னுதீனும் அம்பாங்குக்கு மகள் வீட்டுக்குப் போனார்கள். மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தபோது அக்கா வழக்கம்போல் ஆப்பைத் திறந்தார். மணி மூன்றரை. கோடு விழவில்லை.

நாலு மணிக்கு மறுபடியும் பார்த்தார். கோடு முழு மலையாக அழகாக வளைந்து மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. நடந்ததை என்னிடம் சொன்னபோது, முதலில் தனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது என்றார். சுகுமாறன் ஏதோ சரிசெய்திருக்கிறார் என்று நினைத்து, நன்றி சொல்லத்தான் அழைத்திருக்கிறார்.

"தம்பி, என்ன பண்ணீங்க? மூணு மணிக்கு மேலயும் வருதே!"

"நான் ஒன்னும் பண்ணலயேக்கா. ஆப்புல ஏதாச்சும் கோளாறா இருக்கும். இருங்க, என் போன்ல பாக்குறேன்." அழைப்பை வெட்டாமலே தன் ஆப்பைத் திறந்து பார்த்தார். "இல்லக்கா. நெசமாவே வருது. பதினெட்டும் வேலை செய்யுது. நிழலே விழல."

"நிழல் விழலன்னா?"

பதிலுக்குக் காத்திருக்காமல் அக்கா போனை வைத்தார். பாயில் கிடந்த துப்பட்டாவை எடுத்துப் போட்டுக்கொண்டு, "என்னங்க, எந்திரிங்க. கிள்ளானுக்குப் போகணும்," என்று ஜெய்னுதீனை எழுப்பினார். என்ன ஏது என்று ஃபஹீமா கேட்கும்போதே செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

பெருநாள் நெரிசலில் ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. ஆறு மணிக்கும் வெயில் பளிச்சென்று இருந்தது. தெருமுனையில் ஜெய்னுதீன் வேனைத் திருப்பிய உடனே நிறுத்திவிட்டார். இருவரும் கண்ணாடி வழியாகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.

"தப்பான ரோட்டுக்கு வந்துட்டமாங்க?" என்று கேட்டார் அக்கா.

மூலைக்கடை இருந்த இடத்தில் வானம் இருந்தது. கீழே செங்கல்லும் ஓடும் உத்தரமும் குவியலாகக் கிடக்க, குவியலின்மேல் மஞ்சள் மண்வாரி ஒன்று கையை மடக்கிக்கொண்டு நின்றது. ஆட்கள் யாரும் இல்லை. அந்தக் கடையில் முன்பு சைக்கிள் விற்றார்கள். நாலு வருடமாகப் பூட்டிக் கிடந்தது. யாரோ ஒரு கம்பெனி வாங்கியிருப்பதாகக் கேள்வி. அவ்வளவுதான் அக்காவுக்குத் தெரியும். பொதுச் சுவரில் அந்தக் கடையின் நீலச் சுண்ணாம்பு அப்படியே இருந்தது. மாடிப்படி ஏறிப்போன தடம் பல் பல்லாகத் தெரிந்தது. அதற்கு மேலே, யாரும் எட்ட முடியாத உயரத்தில், ஓர் ஆணியில் பழைய நாள்காட்டி ஒன்று காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது.

அதைப் பார்த்ததும்தான் அக்கா வேனை விட்டு இறங்கினார். இத்தனை காலம் யாரோ ஒருவர் கட்டடத்தின் உள்சுவராக இருந்தது, இப்போது தன் கட்டடத்தின் வெளிச்சுவர். மழைக்கும் வெயிலுக்கும் அதுதான் முகம் காட்ட வேண்டும். கையை வைத்தார். காரை பொடிப்பொடியாக உதிர்ந்தது.

ஜெய்னுதீன் கடையைத் திறந்தார். உள்ளே விளக்குப் போட வேண்டியிருக்கவில்லை. பக்கத்துக் கட்டடத்தின் உத்தரத்தை இழுத்தபோது சுவரில் ஒரு தலை அளவுக்கு ஓட்டை விழுந்திருந்தது. அதன் வழியாக மாலை வெயில் அரவை மிஷின்மேல் விழுந்துகொண்டிருந்தது. வாப்பா அந்த மிஷினை வைத்த நாளிலிருந்து அதன்மேல் வெயில் பட்டதே இல்லை.

"யா அல்லாஹ்," என்றார் அக்கா.

விடுமுறை முடிந்து அலுவலகம் திறந்த அன்றே விஷ்ணுப்ரியா வந்தார். காரிலிருந்து இறங்கியவர் கதவைச் சாத்தக்கூட மறந்து நின்றார். "ஆன்டி, சத்தியமா எங்க கிட்ட எந்த மனுவும் வரல. இடிக்கிறேன்னு யாரும் ஒரு பேப்பர்கூடக் குடுக்கல."

"நான் ஒன்பது மாசம் பேப்பர் குடுத்தேன்மா," என்றார் அக்கா. "ஒரு மூலைகூடத் தெரியக்கூடாதுன்னு சொன்னீங்க. சரின்னேன். இங்க ஒரு கட்டடத்தையே காணோம்."

விஷ்ணுப்ரியா தலையைக் குனிந்துகொண்டார். அன்று மத்தியானமே வேலையை நிறுத்தும் உத்தரவைக் கம்பி வேலியில் ஒட்டினார்கள். நிறுத்துவதற்கு அங்கே வேலை எதுவும் மீதி இல்லை.

சுகுமாறன் ஒரு பொறியாளரை அழைத்துக்கொண்டு வந்தார். அக்காவின் கூரைச் சட்டங்களின் ஒரு முனை அந்தப் பொதுச் சுவரில்தான் ஊன்றியிருந்தது. அந்தப் பக்கத்துப் பிடிமானம் போய்விட்டதால் சுவர் தனியாக நிற்கிறது, கூரைப் பாரத்தைக் குறைக்க வேண்டும், முட்டுக் கொடுக்கும்வரை மிஷினையும் ஓட்டக்கூடாது என்றார் பொறியாளர். "பேனல இறக்கணும்க்கா," என்று சுகுமாறன் சொன்னபோது அக்கா வெறுமனே தலையாட்டினார். சாரம் கட்ட ஆள் கிடைக்கப் பத்து நாள் ஆகும்.

அந்தப் பத்து நாளுக்குள் நகராட்சியிலிருந்து ஒரு கடிதம் வந்தது.

ஜெய்னுதீன் பிரித்துப் படித்துவிட்டு அக்காவிடம் நீட்டினார். பொதுமக்களில் ஒருவர் படத்தோடு புகார் கொடுத்திருக்கிறார். அக்காவின் பின்கூரையில் உள்ள தகடுகள் பக்கவாட்டுச் சாலையிலிருந்து தெளிவாகத் தெரிகின்றன. இது அனுமதியின் நிபந்தனைக்கு மாறானது. பதினான்கு நாளில் விளக்கம் தர வேண்டும். படத்தையும் இணைத்திருந்தார்கள். மூலைக்கடை இருந்திருந்தால் அந்தப் படத்தை யாராலும் எடுத்திருக்க முடியாது. படத்தின் கீழ்ப்பாதியில் அந்தச் செங்கல் குவியலே கிடந்தது.

அக்கா அதை மூன்று முறை படித்தாராம். பிறகு மிளகாய் மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். இடித்த இடத்தைப் பார்த்தபோது வராத அழுகை அப்போது வந்தது. "பாத்தாங்களா இல்லையாங்க? போட்டோவ யாராச்சும் கண்ணத் தொறந்து பாத்தாங்களா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். ஜெய்னுதீன் பக்கத்தில் நின்று அவர் தோளைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் காலை கடிதத்தை எடுத்துக்கொண்டு நகராட்சி அலுவலகக் கவுன்டருக்குப் போனார். விஷ்ணுப்ரியா அங்கேயே நின்றபடி படித்தார். அவர் காது சிவந்துவிட்டது. "புகார்ப் பிரிவுல இருந்து போயிருக்கு ஆன்டி. என் மேசைக்கே வரல. நீங்க வீட்டுக்குப் போங்க, இத மறந்துடுங்க. நான் பாத்துக்கிறேன்."

"மறக்க மாட்டேன்மா. எழுத்துல குடுங்க. அதுவரைக்கும் இங்கதான் உக்காந்திருப்பேன்."

மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்து, முன் கடிதத்தைத் திரும்பப் பெறுவதாக முத்திரை குத்திய தாளை வாங்கிக்கொண்டுதான் எழுந்தார்.

விசாரணைக் கூட்டம் அதற்கு ஒரு மாதம் கழித்து. கம்பெனியின் சார்பில் வந்தவர், கட்டடம் கறையான் அரித்துத் தானாகவே சரிந்துவிட்டது, ஆபத்தைத் தவிர்க்கத்தான் மீதியை அப்புறப்படுத்தினோம் என்றார். அக்கா எழுந்தார். கூட்டத்தில் பேசி அவருக்குப் பழக்கமில்லை. கூடப் போன ஃபஹீமாதான் எனக்கு இதையெல்லாம் சொன்னாள். தகடு ஏற்றிய அன்று சுகுமாறனின் ட்ரோன் எடுத்த படங்களை மேசைமேல் வரிசையாக வைத்தார். அனுமதியின் நிபந்தனைப்படி எடுத்த படங்கள். அவற்றில் மூலைக்கடையின் கூரை ஓர் ஓடுகூட நகராமல் இருந்தது. பொதுச் சுவரின் அளவும் வரைபடமும் இருந்தன. "மூணு மாசத்துல இவ்வளவு பெரிய கட்டடத்தத் தின்ன கறையான் எங்க சார் போச்சு? என் கூரைச் சட்டத்துல ஒன்னுகூட இல்லயே," என்று கேட்டார். கம்பெனிக்காரர் தன் பைலைப் புரட்டிக்கொண்டே இருந்தார்.

நகராட்சி கம்பெனிமேல் வழக்குப் போட்டது. அது இன்னும் நடக்கிறது. மூலைக்கடையின் முகப்பைப் பழையபடியே கட்டிக் கொடுக்க வேண்டும் என்று உத்தரவாகியிருக்கிறது. அக்காவின் சுவருக்கு இரும்பு முட்டுக் கொடுத்துப் பூசும் வேலை கம்பெனிக்காரர்கள் தலையில் விழுந்தது, அதையாவது செய்தார்கள். இரண்டு மாதம் மில் மூடிக் கிடந்தது. நான் வேறிடத்தில் அரைத்த தூளில் எங்கள் வீட்டுக் குழம்பு வேறு யார் வீட்டுக் குழம்போபோல் இருந்தது. இடித்த ஏழாம் மாதம், இறக்கிவைத்த தகடுகள் மறுபடியும் அதே பின்கூரையில் ஏறின. பக்கச் சாலையில் நின்றால் இன்றும் நன்றாகத் தெரிகின்றன. அதற்கும் அக்கா எழுத்தில் அனுமதி வாங்கி வைத்திருக்கிறார்.

போன வாரம் போயிருந்தேன். மூலைக்கடை மனையில் தகர வேலிக்குப் பின்னால் லாலான் புல் இடுப்பளவு வளர்ந்திருக்கிறது. என் மல்லி அரைபட்டுக்கொண்டிருந்தபோது, தெருவில் ஒரு நீளமான லோரி மண்வாரி ஒன்றை ஏற்றிக்கொண்டு மெதுவாக வந்தது. அக்கா மிஷினை அணைத்துவிட்டு வெளியே போனார். எதிர்க்கடை நகைக்காரர் வந்தார். நாலாவது கடையில் பூ கட்டும் நல்லம்மாள் கையில் நாரோடு வந்தார். லோரி எங்கே திரும்புகிறது என்று பார்த்துக்கொண்டு நின்றார்கள். அது எங்கும் நிற்காமல் பாலத்துப் பக்கமாகப் போய் மறைந்தது.

"சரி, போங்க, போங்க," என்றார் நல்லம்மாள்.

அக்கா உள்ளே வந்து மிஷினைப் போட்டார். பிறகு என்னைப் பார்த்து, "மஞ்சள் எவ்வளவு போடச் சொன்னீங்க?" என்று கேட்டார்.