ஒலி முகம்மது நட்ட அலையாத்தி

தென்காசியில் கடல் கிடையாது. அதனாலேயே ஒலி முகம்மது அபுதாபியில் பதினேழு வருடம் என்ன வேலை பார்த்தார் என்பது அவருடைய தெருவில் யாருக்கும் சரியாக விளங்கவில்லை. கட்டட வேலைக்கென்று போனவரைக் கம்பெனிக்காரர்கள் கடலோரத்து நாற்றுப்பண்ணை ஒன்றுக்கு அனுப்பிவிட்டார்கள். அலையாத்தி மரங்களை வளர்த்துக் கரையில் நடுகிற பண்ணை. அரபிகள் அந்த மரத்தைக் குர்ம் என்பார்கள். கடல் ஏறும்போது பாதி முங்கி, இறங்கும்போது சேற்றில் நிற்கிற மரம். வேரைப் பரப்பிச் சேற்றைப் பிடித்துக்கொள்ளும், அலையின் வேகத்தைக் குறைக்கும். அது அடர்ந்து நிற்கிற இடத்தில் கரை அரிக்காது.

முதல் வருடம் அவர் நாற்றுப்பைகளில் மண் நிரப்பினார். பத்தாவது வருடம், எந்த இடத்தில் எத்தனை விரல் உயரத்துக்குத் தண்ணீர் ஏறும், எவ்வளவு நேரம் நிற்கும் என்று பார்த்து, எந்தச் செடி எங்கே பிழைக்கும் என்று சொல்லுகிறவர் அவர்தான். என்ஜினியர்கள் அவரிடம் கேட்டுவிட்டுத்தான் அடையாளக் கொடி நடுவார்கள்.

ஊரில் அவருடைய மனைவி மிஸ்ரியா, கேட்டவர்களிடமெல்லாம் "தோட்ட வேலை" என்று சொல்லிவைத்திருந்தாள். அதற்கு மேல் விளக்க அவளுக்கும் தெரியாது. கொரோனா வந்த வருடம் ஊருக்குத் திரும்பியவரைக் கம்பெனி மறுபடி கூப்பிடவில்லை. அப்போது அவருக்கு நாற்பத்தைந்து வயது. மிஸ்ரியாவின் தம்பி இத்ரீஸ் குற்றாலத்தில் ஒரு லாட்ஜ் நடத்திவந்தான். சாவி வாங்கி, சாவி கொடுத்து, ஆதார் கார்டு நகல் எடுக்கிற வேலைக்கு அவரை அங்கே உட்காரவைத்தான்.

அங்கே அவர் ஒரு சீசனைக் கழித்திருந்தபோது, அபுதாபியில் கூட வேலை பார்த்த காயல்பட்டினத்து நண்பர் போன் செய்தார். தாமிரபரணி கடலில் சேருகிற இடத்துக்குப் பக்கத்தில் காயல்முடுக்கு என்று ஒரு கரையூர். கடல் ஊரைத் தின்றுகொண்டிருக்கிறது. அங்கே அலையாத்தி நட சென்னைக் கம்பெனி ஒன்று வந்திருக்கிறது. விவரம் தெரிந்த ஆள் தேடுகிறார்கள்.

அன்றைக்கே சட்டை துணிமணியை எடுத்துவைத்தார்.

"ஊர்ல அருவியா கொட்டுது. நீங்க மூணு பஸ் மாறிப் போயி சேத்துல நிக்கப் போறியளாக்கும்" என்றாள் மிஸ்ரியா. "இத்ரீஸ் என்ன நினைப்பான்?"

"என்ன வேணா நினைக்கட்டும். எனக்குத் தெரிஞ்ச வேலையைக் கேட்டு ஒருத்தன் கூப்பிடுதான். ஊருக்கு வந்து ரெண்டு வருசத்துல இதுதான் முதல் தடவை."

அவள் பைக்குள் ஒரு துண்டையும் மடித்து வைத்தாள்.

காயல்முடுக்கில் நாற்பது வீடுகள். முன்வரிசைப் பனைமரங்கள் முன்பே கடலுக்குள் போய்விட்டன. அவற்றுக்குப் பின்னால் ஒரு தாழ்வான சதுப்பு. ஒரு காலத்தில் ஆற்றுத் தண்ணீரும் கடல் தண்ணீரும் அதில்தான் கலந்து நின்றனவாம். இப்போது ஆற்றுத் தண்ணீர் மேலே அணைக்கட்டுகளிலேயே நின்றுவிடுகிறது, கடல் மட்டும் வருகிறது. சதுப்பை ஒட்டியிருந்த வாழைத்தோட்டங்கள் உப்பேறிக் கருகிக் கிடந்தன. ஊர்க்கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது. குடிக்க லாரித் தண்ணீர்.

நடவு வேலைக்கு வந்த பெண்களின் குழுவுக்கு ஜெயசித்ரா தலைவி. அவள் கணவன் கொல்லத்தில் மீன்பிடிப் போட்டில் இருந்தான். போன மழைக்கு அவளுடைய அடுப்படியைக் கடல் கொண்டுபோயிருந்தது. மிச்சமிருந்த ஒற்றை அறையில் பிள்ளைகளோடு இருந்தாள்.

"அண்ணாச்சிக்கு எந்த ஊரு?" என்று கேட்டாள்.

"தென்காசி."

"குத்தாலமா? உங்க ஊர்த் தண்ணி எங்க ஊருக்கு வந்து சேருததா புஸ்தகத்துல படிச்சிருக்கோம். நேர்ல பாத்ததில்ல" என்றாள். பெண்கள் சிரித்தார்கள். அவரால் சிரிக்க முடியவில்லை.

கம்பெனியின் மேனேஜர் அருமைநாயகம் கெட்டவர் இல்லை. அதுதான் கஷ்டமாகப் போயிற்று. அவர் கெட்டவராக இருந்திருந்தால் முதல் வாரமே ஒலி முகம்மது பஸ் ஏறியிருப்பார். அருமைநாயகம் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார், சொன்னதையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டார். வேலைக்குச் சேருகிற தாள் என்று ஆங்கிலத்தில் நான்கு பக்கம் நீட்டினார். ஒலி முகம்மது நான்கிலும் கையெழுத்துப் போட்டார்.

ஆனால் வேலை தொடங்கியபோது, நோட்டில் எழுதிய எதுவும் நடக்கவில்லை. சதுப்புக்குள் கடல் தண்ணீர் ஏறி இறங்க முதலில் வாய்க்கால் வேண்டும். ஜேசிபி வந்து வாய்க்கால் வெட்டியது, சரிவே இல்லாமல், மறுமுனையை மூடி. தண்ணீர் உள்ளே போகும், திரும்பி வராது. கொண்டுவந்த கன்றுகளும் தப்பு. அலையாத்தியில் அந்தக் கரையின் உப்பைத் தாங்குகிற இனம் வெண்கண்டல். கம்பெனி இறக்கியதோ ஈட்டி மாதிரி நீளக் காய் விடுகிற சுரபுன்னை. அதற்கு ஆற்றுத் தண்ணீரும் வேண்டும்.

"சார், இது நிக்காது. தண்ணி உள்ள தேங்கும். வெயிலுக்கு வத்த வத்த உப்பு ஏறும். சித்திரைக்குள்ள அத்தனையும் செத்துரும்."

"பாய், நீங்க சொல்லுதது எனக்குப் புரியுது" என்றார் அருமைநாயகம். "ஆனா மார்ச்சுக்குள்ள பத்தாயிரம் கன்னு ஊணியாச்சுன்னு நான் காட்டணும். வெண்கண்டல் விதை புரட்டாசியிலதான் கிடைக்கும்ங்கிய. அதுவரைக்கும் மேல உள்ளவன் பொறுப்பானா?"

"புரட்டாசி வரைக்கும் பொறுத்தா இது காடாயிரும் சார்."

"காடு ஆகுதா இல்லையான்னு யாரும் வந்து பாக்கப் போறதில்ல. ஊணியாச்சான்னுதான் பாப்பான்."

பத்தாயிரம் கன்றையும் ஊன்றினார்கள். பெரிய அதிகாரிகள் காரில் வந்தார்கள். வரிசை வரிசையாக நின்ற பச்சை ஈட்டிகள் போட்டோவில் அழகாகத்தான் இருந்தன. சித்திரை பிறந்தபோது வாய்க்காலின் ஓரம் உப்பு வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது, கன்றுகள் குச்சிகளாக நின்றன.

ஏன் செத்தன என்று விசாரிக்க ஒரு குழு வந்தது. கம்பெனியார் தாளை எடுத்துக் காட்டினார்கள். இடத்தையும் இனத்தையும் பரிந்துரைத்தவர் தொழில்நுட்ப ஆலோசகர் ஒலி முகம்மது. நான்காம் பக்கத்தில் அவருடைய கையெழுத்து. தான் ஆலோசகர் என்பதே அவருக்கு அன்றுதான் தெரிந்தது. அருமைநாயகம் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். மறுநாள் முதல் வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்ல வேறொருவரை அனுப்பினார்.

ஊருக்குப் போயிருக்கலாம். மிஸ்ரியாவும் அதைத்தான் சொன்னாள். இத்ரீஸ், "மச்சான், அந்த நாற்காலி சும்மாதான் கெடக்கு" என்றான். ஆனால் செத்த கன்றுகளுக்குக் கீழே தன் பெயர் எழுதியிருப்பதை அவரால் பொறுக்க முடியவில்லை. மூன்று வாரம் கழித்து மறுபடியும் காயல்முடுக்கில் போய் இறங்கினார்.

ஜெயசித்ரா அவரைப் பார்த்ததும், "இனி என்னத்துக்கு வந்திய?" என்று கேட்டாள்.

"ஒரு மூலை போதும். நான் சொல்லுத மாதிரி வெட்டணும். கூலி கிடையாது. நானும் வெட்டுவேன்."

ஐந்து பெண்கள் முதலில் வந்தார்கள், பிறகு பதினோரு பேர். ஜெயசித்ராவின் வீட்டுக்குக் கிழக்கே, முகத்துவாரத்திலிருந்து கிளை பிரிகிற ஒரு சிறு ஓடை தூர்ந்துகிடந்தது. அதை மண்வெட்டியால் திறந்தார்கள். ஒவ்வொரு நாளும் குச்சி நட்டு, தண்ணீர் ஏறின மட்டத்தைக் கத்தியால் கீறினார். ஏறுகிற தண்ணீர் அன்றே முழுசாக இறங்க வேண்டும். அது இறங்குகிறவரை இரண்டு மாதம் வெட்டினார்கள். புரட்டாசியில் பக்கத்துக் கழிமுகத்துக்குப் போய் வெண்கண்டல் விதை பொறுக்கிவந்து, ஜெயசித்ராவின் வீட்டுக்குப் பின்னால் பைகளில் போட்டார்கள்.

வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு மட்டும் அவர் தென்காசிக்குப் போய்வந்தார். காலில் ஏறின சேற்றுக் கறை மூன்று நாள் போகாது. பள்ளிவாசலில் பக்கத்தில் நிற்கிறவர்கள் கீழே பார்ப்பார்கள்.

அறுநூறு கன்று பிழைத்தது. இரண்டாம் வருடம் இடுப்பு உயரம் வந்தது. சேற்றிலிருந்து மூச்சுவேர்கள் விரல் விரலாக நிமிர்ந்தன. நண்டுகள் வந்தன. ஒருநாள் அவர் ஒரு இலையைப் பறித்து ஜெயசித்ராவிடம் கொடுத்து, "நக்கிப் பாரு" என்றார்.

"உப்பு!" என்றாள் அவள்.

"குடிச்ச உப்பை இலை வழியாத் துப்பிரும். அதான் இது சாகாது."

அந்த ஐப்பசி மழையில் ஊருக்கு வடக்கேயும் தெற்கேயும் கரை பத்தடி உள்வாங்கியது. கன்றுகள் நின்ற இடத்துக்குப் பின்னால் ஒரு கூடை மண்கூட விழவில்லை. ஜெயசித்ராவின் அந்த ஒற்றை அறை நின்றது. பெண்கள் வந்து வந்து அதைப் பார்த்துவிட்டுப் போனார்கள். இன்னும் எத்தனை மூலையில் இப்படி வெட்டலாம் என்று பேச்சு நடந்தது. வெளியூருக்கு வாடகைக்குப் போகவிருந்த இரண்டு குடும்பங்கள் போகாமல் இருந்துவிட்டன. ஜெயசித்ரா மகளிர் குழுவில் சேர்த்ததையெல்லாம் போட்டு அடுப்படியைத் திரும்பக் கட்டினாள்.

சேதி கேட்டுக் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். அறுநூறு கன்றுக்கு முன்னால் தங்கள் பெயர் எழுதிய பலகையை நட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள். பெண்கள் சண்டைக்குப் போனபோது ஒலி முகம்மதுதான் தடுத்தார். "பேரு அவன் வச்சிக்கிடட்டும். மரம் நம்மகிட்ட நிக்குதுல்லா?"

அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்று பிற்பாடு பலமுறை நினைத்தார். அலையாத்தித் திட்டம் வெற்றிகரமாக முடிந்தது என்று அந்தப் படத்தோடு தாள் மேலே போயிற்று. முடிந்த திட்டத்துக்கு அடுத்த கட்டம் உண்டல்லவா? கடலோரத்தில் அரசாங்கமே கல் சுவர் கட்டுவது என்று முடிவாயிற்று.

மாசியில் லாரிகள் வந்தன. ஆலங்குளத்துப் பக்கத்துக் குவாரியிலிருந்து ஆள் உயரக் கற்கள். கரைக்கு லாரி போகப் பாதை வேண்டும். சதுப்பின் குறுக்கே மண்ணடித்தார்கள். அந்தப் பாதை, பெண்கள் இரண்டு மாதம் வெட்டிய ஓடையின் வாயில் ஏறி நின்றது.

ஒலி முகம்மது ஓடினார். பொறுப்பு என்ஜினியர் இளைஞர். கையில் வரைபடம் இருந்தது.

"சார், சுவர் கட்டுங்க. நான் வேண்டாம்ங்கல. அடியில ரெண்டு சிமெண்ட் குழாய் மட்டும் போட்டிருங்க. தண்ணி போய் வரட்டும்."

"படத்துல குழாய் இல்லையே."

"படத்துல இல்ல சார். தரையில ஓடை இருக்கு. இந்தா பாருங்க."

"எழுதிக் குடுங்க. அனுப்பி வைக்கேன்."

எழுதிக் கொடுத்தார். அருமைநாயகத்தைத் தேடிப்போய், உங்கள் பலகை நிற்கிற இடம் சாகப்போகிறது, நீங்களாவது சொல்லுங்கள் என்றார். "எங்க திட்டம் முடிஞ்சு போச்சு பாய். இப்ப அது எங்களோடது இல்ல" என்றார் அருமைநாயகம். குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. அதை வைத்து என்ன செய்வது?

அடுத்த நாள் ஜெயசித்ராவும் ஏழு பெண்களும் மண்வெட்டியோடு போய்ப் பாதையைக் குறுக்கே வெட்டத் தொடங்கினார்கள். அவரும் கூட நின்று வெட்டினார். நின்ற லாரியிலிருந்து இறங்கிவந்த டிரைவர் அவருடைய பேச்சைக் கேட்டுவிட்டு, "அண்ணாச்சி தென்காசிப் பக்கமா? நான் ஆலங்குளம்" என்று மகிழ்ச்சியாகச் சொல்லி, குடிக்கத் தண்ணீர் பாட்டில் கொடுத்தான். போலீஸ் வந்து பெண்களை விலக்கியதும் அதே டிரைவர் லாரியை எடுத்து, வெட்டின இடத்திலேயே கல்லைக் கொட்டினான். அவன்மேல் கோபப்படவும் அவரால் முடியவில்லை.

உள்ளே அடைபட்ட தண்ணீர் பங்குனி வெயிலில் வற்றியது. முதலில் நண்டுகள் போயின. பிறகு இலைகள் மஞ்சளாகி உதிர்ந்தன. இந்த மரம் சாகாது என்று அவர்தான் சொல்லியிருந்தார். வைகாசியில் அவர் போனபோது பெண்கள் காய்ந்த கன்றுகளைப் பிடுங்கி அடுப்புக்குக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஜெயசித்ராவும் ஒரு கட்டு வைத்திருந்தாள். அவர் நின்றது தெரிந்தும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவர் அப்படியே திரும்பிப் பஸ் ஏறினார்.

அதன் பிறகு குற்றாலத்து நாற்காலிதான். மிஸ்ரியா, போனதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

கார்த்திகையில் பெரும்புயல் ஒன்று அடித்தது. கல் சுவரைத் தாண்டி விழுந்த கடல் திரும்ப வழியில்லாமல் காயல்முடுக்குக்குள் பதினோரு நாள் நின்றது. நாற்பது வீட்டில் ஆறுதான் மிஞ்சின. மார்கழி முதல் வாரத்தில், ஐயப்ப பக்தர்கள் கூட்டம் அறைக்கு அறை நிரம்பியிருந்த ஒரு காலையில், ஜெயசித்ரா லாட்ஜ் வாசலில் பையோடு நின்றாள். பிள்ளைகளை அம்மா வீட்டில் விட்டிருந்தாள். பெருக்குகிற வேலை, துணி துவைக்கிற வேலை ஏதாவது கிடைக்குமா என்று கேட்டாள். இத்ரீஸிடம் சொல்லி அவர் வாங்கிக் கொடுத்தார்.

இரண்டு வாரம் போயிற்று. ஒருநாள் மாடிப்படியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"உங்க மேல எனக்குக் கோவம் இல்ல அண்ணாச்சி. ஆனா ஒண்ணு சொல்லுதேன். நீங்க வராம இருந்திருந்தா நாங்க முன்னாலயே கிளம்பிருப்போம். சாமானையாவது எடுத்திருப்போம். அந்த மரம் நின்னதைப் பாத்துதானே நான் அடுப்படி கட்டுனேன்."

அவள் சொன்னதில் தவறில்லை.

அதற்குள் மேல்மாடியில் ஒரு சாமி வெந்நீர் வரவில்லை என்று சத்தம் போட்டார். அவள் வாளியை ஒதுக்கி வழிவிட்டாள். ஒலி முகம்மது ஈரப்படியில் வழுக்காமல் கைப்பிடியைப் பற்றி மேலே ஏறிப்போனார்.