ஏழு பேருக்கு ஒரே அம்மா

அவளை வெளியே எல்லோரும் 'டிரஸ்ட் மேடம்' என்றுதான் கூப்பிடுவார்கள். சோப்பு வியாபாரத்தில் கொழித்த ஒரு குடும்பம் ஆரம்பித்த அறக்கட்டளையில் வேலை. சாமானிய மக்களின் பத்திரிகைக்காகவும் வானொலிக்காகவும் அரசாங்கத்தோடு மல்லுக்கட்டுகிறவர்களைத் தேடிப்பிடித்து, உதவி கொடுத்து, சட்டம் போடுகிறவர்கள் முன்னால் பேசவைப்பது அவள் பொறுப்பு. சும்மா சொல்லக் கூடாது, மனசாட்சியுள்ளவள்தான். ஆனால் கொடுக்கிற நாற்காலியில் இருப்பவர் லேசாகத் தும்மினால்கூட எதிரே இருப்பவர்கள் பதறிப்போய்க் கைக்குட்டை எடுப்பார்கள் என்பது அவள் மண்டையில் ஏறவே இல்லை.

அந்த வருஷம் புதுச் சட்டம் ஒன்று வரப்போவதாகப் பேச்சு. சின்ன வானொலி நிலையங்களின் அலைவரிசையைப் பிடுங்கிப் பெரிய கம்பெனிகளுக்குக் கொடுத்துவிடுவார்களாம். அதற்கு முன்னால் ஒப்புக்கு ஒரு கருத்துக்கேட்புக் கூட்டம். அதில் உள்ளூர்க்காரர்கள் வாயைத் திறந்து, இந்த நிலையம் எங்களுக்கு எதற்கு வேண்டும் என்று சொன்னால்தான் அது பிழைக்கும்.

சாயத் தொழிற்சாலைக்குப் பின்னால், ஒரு மளிகைக் கடையின் மாடியறையில் அப்படியொரு நிலையம் இருந்தது. சத்தம் வெளியே போகாமலிருக்கச் சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டியிருப்பார்கள். அதை நடத்துகிறவளுக்கு 'ரேடியோ அக்கா' என்று பெயர். நாள் முழுக்க லொக் லொக்கென்று இருமுவாள். மைக் முன்னால் உட்கார்ந்தால் மட்டும் இருமல் எங்கே போகுமோ தெரியாது.

கூட்டத்தில் பேச அவளையும் சேர்த்து ஏழு பெண்கள். அவர்களைத் தயார்செய்ய டிரஸ்ட் மேடம் அந்த மாடியறைக்கு மறுபடியும் போனாள். தெருவில் நாள் பூரா வாய் ஓயாதவர்கள், இவளைக் கண்டதும் கப்சிப்.

"சரி, உதாரணத்துக்கு நான் ஒண்ணு சொல்றேன்" என்று ஆரம்பித்தாள். "எங்க அம்மாவுக்குச் சர்க்கரையில கண்ணு போயிடுச்சு. ரேடியோதான் அவங்களுக்கு வெளிச்சம். ஒருநாள் அவங்க பக்கத்துல உட்கார்ந்து துணி மடிச்சுக்கிட்டே ஏதேதோ பேசிட்டிருந்தேன். பாட்டு கேக்குறாங்க, அதான் பதில் சொல்லலைன்னு நெனச்சேன். அம்மா போனதே தெரியாம, ரேடியோ அவங்க காதுல பேசிக்கிட்டே இருந்துச்சு." அதற்குமேல் முடியாமல் அழுதுவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இப்படி மனசுலேர்ந்து சொல்லுங்க, போதும்" என்றாள். ஏழு பேரும் பயபக்தியோடு தலையாட்டினார்கள்.

கூட்டத்தன்று டிரஸ்ட் மேடம் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். உதவுகிறவர்கள் முகம் காட்டக் கூடாது என்பது அறக்கட்டளையின் கண்டிப்பான விதி. முதலாவது பெண் எழுந்தாள்.

"எங்க அம்மாவுக்குச் சர்க்கரையில கண்ணு போயிடுச்சுங்க."

ஐயோ பாவம், இவளுக்குமா என்று நினைத்தாள் டிரஸ்ட் மேடம். அந்தப் பெண் துணி மடித்தாள். அம்மா பதில் சொல்லவில்லை. ரேடியோ காதில் பேசிக்கொண்டே இருந்தது. டிரஸ்ட் மேடத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டாமவள் எழுந்தாள்; மறுபடியும் அதே கட்டில், அதே துணி, அதே அம்மா. மூன்றாமவள் குரலில் அம்மா இன்னொரு தடவை செத்தாள். சாவின் வாசனை அந்த மண்டபத்துக்கே வந்துவிட்டது போலிருந்தது. எழுந்து கத்தலாமா, அவங்க என் அம்மா, விட்டுடுங்க என்று? விதி ஞாபகம் வந்தது. பேயறைந்தவள் மாதிரி உட்கார்ந்தே இருந்தாள்.

"ஏம்மா, உங்க தெருவுல எல்லார் அம்மாவுக்குமே கண்ணு தெரியாதா?" என்று கூட்டத் தலைவர் கேட்க, மண்டபம் கொல்லென்று சிரித்தது. கடைசியாக ரேடியோ அக்காவும் அதையேதான் சொன்னாள். அவளைப் பெற்றவளோ முன்வரிசையில் ஆரஞ்சு உரித்துக்கொண்டே, மகள் தன்னைச் சாகடிப்பதை இரண்டு கண்ணாலும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்த டிரஸ்ட் மேடத்திடம் கணவன் கேட்டான். "என்ன, யாரோ செத்த மாதிரி உட்கார்ந்திருக்கே?"

"அம்மா."

"அத்தை போய் வருஷக்கணக்காச்சேடி!"

"இன்னிக்கு ஏழு தடவை போனாங்க."

தீர்ப்பு சீக்கிரமே வந்தது. யாரோ சொல்லிக்கொடுத்துப் பேசவைத்த பேச்சு, இதை மக்கள் கருத்தாக ஏற்க முடியாது, நிலையத்தை மூடு. சொல்லிக்கொடுத்த அந்த 'யாரோ' ஓடோடிப் போனபோது, மாடியறையில் ரேடியோ அக்கா சுவரிலிருந்து முட்டை அட்டைகளைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க மேடம். நாங்க எங்கயாச்சும் தப்பாச் சொல்லிட்டோமா? ஒரு வார்த்தை விடாம மனப்பாடம் பண்ணித்தான் சொன்னோம்."

"ஏங்க, உங்க கதையைச் சொல்லியிருக்கலாமே?"

"எங்ககிட்ட என்ன மேடம் கதை?" ரேடியோ அக்கா இருமிவிட்டு யோசித்தாள். "ஃபேக்டரியில டேங்க் வெடிச்சு விஷவாயு வந்துச்சே, அப்போ எல்லா ரேடியோவிலயும் சினிமாப் பாட்டு. எந்தத் தெரு வழியாப் போனா தப்பிக்கலாம்னு நான் இங்கேருந்துதான் சொன்னேன், ஈரத் துணியை மூக்குல கட்டிக்கிட்டு. கடைசி ஆள் தாண்டுறவரைக்கும் எழுந்திருக்கல. இந்த இருமல் அப்ப புடிச்சதுதான்."

"இதை ஏன் என்கிட்ட சொல்லலை?"

"முதல் தடவை நீங்க வந்தப்பவே சொன்னேனே. நல்லாயிருக்கு, கொஞ்சம் சுருக்கிச் சொல்லுங்கன்னீங்க. அம்மா கதைக்குத்தான் அழுதீங்க. அதான், அதுவே நல்ல கதை போலிருக்குன்னு எல்லாருமா முடிவு பண்ணோம்."

அவள் குரலில் குத்தல் துளிகூட இல்லை. தூசி தட்டி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

டிரஸ்ட் மேடம் உட்காரவில்லை. அன்றிலிருந்து அம்மாவை நினைத்தால் அவளுக்கு அழுகை வருவதில்லை. யார் முன்னாலாவது அழுதுவிடுவோமோ என்ற பயம்தான் வருகிறது.